மறைப்பு இரட்டை விண்மீன்கள்: ஒளிவளைவின் பள்ளங்களும் அவற்றுக்கு இடையில் உள்ள மேடுகளும்

கேள்வி – பதிவர்: வளைகோடு

வணக்கம். மறைப்பு இரட்டை விண்மீன்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. அவற்றின் சுற்றுத்தளம் ஏறக்குறைய நம் பார்வைக் கோட்டிலேயே அமைந்துவிடுவதால், ஒன்று மற்றொன்றின் முன்னால் கடக்கும்போதெல்லாம் நம்மை வந்தடையும் மொத்த ஒளி குறைகிறது. இந்த அளவுக்கு எனக்கு ஐயமில்லை. ஆனால் பொதுவெளியில் கிடைக்கும் அளவீடுகளைக் கொண்டு அல்கோல், பீட்டா லைரே, டபிள்யூ அர்சே மஜோரிஸ் ஆகிய மூன்றின் ஒளிவளைவுகளையும், அதாவது நேரத்துக்கு எதிராக ஒளியின் அளவைக் காட்டும் வரைபடங்களையும், அடுத்தடுத்து வரைந்து பார்த்தபோது, இந்த ஒரு விளக்கம் மூன்றுக்கும் போதாது என்று தோன்றியது.

அல்கோல் பெரும்பாலான நேரம் 2.1 என்ற பொலிவெண்ணில் நிற்கிறது (இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல்). 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ 10 மணி நேரம் நீடிக்கும் ஒரு பள்ளத்தில் இறங்கி, 3.4 வரை மங்கி, மீண்டும் ஏறுகிறது. சுற்றின் நடுவில் வர வேண்டிய இரண்டாவது பள்ளத்தை வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பீட்டா லைரேயின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 12.94 நாள்; அதன் வளைவு எந்த இடத்திலும் தட்டையாக இல்லை, ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோதான் இருக்கிறது. டபிள்யூ அர்சே மஜோரிஸ் 8 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறது. அதன் இரு பள்ளங்களும் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் இருக்கின்றன, நடுவில் வட்டமான மேடுகள்.

என் கேள்விகள் இரண்டு. ஆழமான பள்ளத்தில், அதாவது முதன்மைச் சிறுமத்தில், மறைவது பெரிய விண்மீனா, சிறிய விண்மீனா? பெரியது மறையும்போதுதான் ஒளி மிகுதியாகக் குறையும் என்று ஓரிடத்தில் படித்தேன். அல்கோலைப் பற்றிப் படித்தவற்றோடு அது ஒத்துப்போகவில்லை. அடுத்து, எதுவும் எதையும் மறைக்காத நேரத்தில் ஒளி ஏன் மாற வேண்டும்?

மறுமொழி 1 – பதிவர்: இருமுகம்

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதுக்கு என்னைவிட நன்றாக விளக்கக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

சுற்றுப்பாதை வட்டமாக இருக்கும் வரை, முதன்மைச் சிறுமத்தில் மறைவது பெரியதா சிறியதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. மறைவது மேற்பரப்பு வெப்பம் மிகுந்த விண்மீன், அவ்வளவுதான். அது இரண்டில் சிறியதாக இருக்கலாம், பெரியதாகவும் இருக்கலாம், மொத்த ஒளியில் குறைந்ததாகக்கூட இருக்கலாம். இதற்குக் காரணம், இரண்டு மறைப்புகளிலும் மறைகிற பரப்பு ஒன்றே என்பதாகும். சிறிய வட்டு பெரிய வட்டின் பின்னால் முழுவதுமாகப் போய்விட்டால் நாம் இழப்பது சிறிய வட்டின் பரப்பு. அரைச் சுற்று கழித்து அதே சிறிய வட்டு முன்னால் வந்து நிற்கும்போது, பெரிய வட்டில் மறைக்கப்படுவதும் சிறிய வட்டின் அளவுள்ள பரப்புதான். பகுதி மறைப்பிலும் இந்தச் சமத்துவம் மாறுவதில்லை, ஏனெனில் இரு வட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி எது முன்னால் இருந்தாலும் அதே அளவுதான். ஆகவே இரண்டு பள்ளங்களின் ஆழ வேறுபாட்டைத் தீர்மானிப்பது, மறைந்த அந்தப் பரப்பின் ஒவ்வொரு சதுர அலகும் எவ்வளவு ஒளியை உமிழ்ந்துகொண்டிருந்தது என்பது மட்டுமே.

எண்களில் பார்ப்போம். ஒரு விண்மீனின் ஆரம் 1, அதன் மேற்பரப்புப் பொலிவு 4 என்றும், மற்றொன்றின் ஆரம் 2, மேற்பரப்புப் பொலிவு 1 என்றும் கொள்ளுங்கள். பரப்பு ஆரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் இரண்டும் தலா 4 அலகு ஒளி தருகின்றன, மொத்தம் 8. வெப்பமான சிறியது முழுதும் மறையும்போது 4 அலகு போய்விடுகிறது. ஒளி பாதியாகிறது, பொலிவெண் கணக்கில் 0.75 மங்கல். சிறியது முன்னால் வரும்போது பெரியதன் பரப்பில் 1 அலகு மறைகிறது. எட்டில் ஒரு பங்கு இழப்பு, பொலிவெண்ணில் ஏறத்தாழ 0.145. இரண்டு விண்மீன்களும் சம அளவு ஒளி தந்தாலும் பள்ளங்களின் விகிதம் 4க்கு 1 என்று வருகிறது. அது மேற்பரப்புப் பொலிவின் விகிதமேயாகும். இந்த விகிதத்தை எடுக்கும்போது பொலிவெண்ணை ஒளிப்பாய அளவாக, அதாவது வந்துசேரும் ஒளியின் நேரடி அளவாக, மாற்றிக்கொள்வது அவசியம். பொலிவெண் மடக்கை அளவு என்பதால், வரைபடத்தில் தெரியும் ஆழங்களை அப்படியே வகுத்தால் விடை தவறும்.

அல்கோலுக்கு வருவோம். அதன் வெப்பமான விண்மீனின் ஆரம் சூரியனைப் போல் ஏறத்தாழ 2.7 மடங்கு, குளிர்ந்த துணையின் ஆரம் ஏறத்தாழ 3.5 மடங்கு. அதாவது முதன்மைச் சிறுமத்தில் மறைவது இரண்டில் சிறியது, மறைப்பது பெரியது. 2.1இலிருந்து 3.4க்கு இறங்குவது என்றால், வழக்கமான ஒளியில் 30 விழுக்காடு மட்டுமே எஞ்சுகிறது என்று பொருள். இரண்டாவது பள்ளம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சில நூறில் ஒரு பங்குதான். 1910இல் ஜோயல் ஸ்டெப்பின்ஸ் செலீனிய ஒளிமானியைக் கொண்டு அளந்த பிறகே அந்தத் துணைச் சிறுமம் உறுதியாயிற்று. அதே பள்ளத்தை அகச்சிவப்பில் அளந்தால் நன்றாகவே தெரியும், ஏனெனில் நீண்ட அலைநீளங்களில் குளிர்ந்த விண்மீனின் பங்கு கூடுகிறது. எந்த நிற வடிப்பானில் எடுத்த அளவீடு என்பதைக் குறிப்பிடாமல் பள்ளத்தின் ஆழத்தை மட்டும் சொன்னால் அதற்குப் பெரிதாக மதிப்பில்லை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

ஒரு துணைச் செய்தி. அல்கோல் சீரான கால இடைவெளியில் மங்குவதை 1783இல் அறிவித்த ஜான் குட்ரிக், கருமையான ஒரு பொருள் அதைச் சுற்றி வந்து மறைக்கக்கூடும் என்றும், அல்லது அதன் மேற்பரப்பில் கறைகள் இருக்கக்கூடும் என்றும் இரு விளக்கங்களை முன்வைத்தார். முதலாவதே சரி என்பது 1889இல் ஹெர்மன் ஃபோகல் நிறமாலைக் கோடுகளின் இடப்பெயர்ச்சியை அளந்தபோது நிலைநாட்டப்பட்டது. ஒளிவளைவு மட்டும் நூறாண்டுக்கு மேலாகக் கையில் இருந்தும் வழக்கு முடியாமல் இருந்தது என்பதை மறக்கக்கூடாது.

மறுமொழி 2 – பதிவர்: நிறமாலை

இரண்டாவது கேள்விக்கு: விண்மீன்களை உருண்டையாகக் கற்பனை செய்வதை விட்டுவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

நெருங்கிய இரட்டையில் ஒவ்வொரு விண்மீனும் மற்றொன்றின் ஈர்ப்பால் இழுபட்டு, இணைக்கும் கோட்டின் திசையில் நீண்டுவிடுகிறது. இரண்டும் பக்கவாட்டில் நிற்கும்போது நாம் அவற்றின் நீண்ட பக்கத்தைப் பார்க்கிறோம், கண்ணுக்கு எதிர்ப்படும் பரப்பு மிகுதி. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது குறுகிய முனையைப் பார்க்கிறோம். ஆகையால் மறைப்பே நிகழாவிட்டாலும் ஒரு சுற்றில் இருமுறை ஒளி ஏறி இருமுறை இறங்கும். சித்திரை விண்மீன் எனப்படும் ஸ்பைகா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: அது ஏறத்தாழ 4 நாள் சுற்றுக்காலமுள்ள நெருங்கிய இரட்டை, அதன் ஒளி இந்த வடிவ மாற்றத்தாலேயே சிறிதளவு ஏறி இறங்குகிறது.

இதோடு ஈர்ப்பு மங்கல் சேர்கிறது. 1924இல் ஃபோன் ட்சைப்பெல் காட்டியபடி, உள்ளிருந்து ஆற்றல் கதிர்வீச்சால் வெளிவரும் விண்மீன்களில், மேற்பரப்பின் ஓர் இடத்திலிருந்து கிளம்பும் ஆற்றல் அந்த இடத்து ஈர்ப்பைப் பொறுத்தது. துணையை நோக்கி நீண்ட முனையில் ஈர்ப்பு தளர்ந்திருக்கும். எனவே அந்த முனை சற்றுக் குளிர்ந்து மங்கியிருக்கும். குறுகிய முனை நம்மை நோக்கும்போது பரப்பும் குறைவு, அந்தப் பரப்பின் பொலிவும் குறைவு. இரண்டு விளைவுகளும் ஒரே திசையில் கூடிப் பள்ளத்தை ஆழமாக்குகின்றன.

டபிள்யூ அர்சே மஜோரிஸ் இந்த நெருக்கத்தின் உச்சம். அங்கே இரண்டு விண்மீன்களும் வேர்க்கடலைத் தோட்டுக்குள் இரு பருப்புகளைப் போல ஒரே வாயு உறைக்குள் இருக்கின்றன. 1968இல் லியான் லூசி முன்வைத்த இந்தப் பொது உறை மாதிரிதான் இன்றும் அடிப்படையாக இருக்கிறது. உறை வழியே ஆற்றல் பகிரப்படுவதால், ஒன்றின் நிறை மற்றதன் நிறையில் ஏறத்தாழ பாதியாக இருந்தும் மேற்பரப்பு வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. இருமுகம் மேலே சொன்ன விதியைப் பொருத்திப் பாருங்கள்: வெப்பநிலை சமம் என்றால் பள்ளங்களும் சமம்.

இந்த இடத்தில் ஒரு கணக்கைப் பார்ப்பது பயன் தரும். இந்த விண்மீனின் பொலிவெண் 7.75க்கும் 8.48க்கும் இடையே மாறுகிறது, ஆழம் 0.73. சம அளவும் சம வெப்பமும் கொண்ட இரு உருண்டைகளில் ஒன்று முழுதாக மறைந்தால் கிடைக்கும் ஆழம் 0.75 என்பதால், இதைப் பார்த்தவுடன் இரண்டும் சம அளவு என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் இவற்றின் ஆரங்கள் சூரியனைப் போல் ஏறத்தாழ 1.1 மடங்கும் 0.8 மடங்கும். பரப்பை இருமடியாக்கிக் கணக்கிட்டால், சிறியது முழுதும் மறைந்தாலும் போவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பொலிவெண்ணில் 0.45க்குச் சற்று முன்பின். எஞ்சிய ஆழம் பெரும்பாலும் வடிவத் திரிபும் ஈர்ப்பு மங்கலும் தந்தது. நீங்கள் பள்ளம் என்று அளப்பதில் கணிசமான பகுதி மறைப்பே அல்ல.

மூன்றாவதாக எதிரொளிப்பு விளைவு. வெப்பமான விண்மீனின் ஒளி துணையின் தன்னை நோக்கிய பக்கத்தில் விழுந்து அந்தப் பக்கத்தைச் சூடாக்குகிறது. பெயர் எதிரொளிப்பு என்றாலும், நடப்பது பெரும்பாலும் வாங்கிய ஆற்றலைத் தன் வெப்பமாக்கி மீண்டும் உமிழ்வதுதான். இந்த ஒளிர்ந்த முகம் துணைச் சிறுமத்துக்குச் சற்று முன்னும் பின்னும் நம்மை நோக்கி இருக்கும், ஆகவே அந்தப் பள்ளத்தின் இரு தோள்களும் உயர்ந்து தெரியும். வடிவத் திரிபு சுற்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது, எதிரொளிப்பு ஒருமுறை மட்டும். இந்த வேறுபாட்டைக் கொண்டுதான் இரண்டையும் பிரித்தெடுக்கிறார்கள். ஏறத்தாழ 2.8 மணி நேரச் சுற்றுக்காலமுள்ள எச்.டபிள்யூ. வர்ஜினிஸ் விண்மீனின் ஒளிவளைவை ஒருமுறை வரைந்து பாருங்கள். மிக வெப்பமான சிறு விண்மீன் ஒன்று குளிர்ந்த செங்குறு விண்மீனை மிக அருகிலிருந்து சுடுவதால், இரண்டு பள்ளங்களுக்கும் இடையே வளைவு மலைபோல் ஏறி, துணைச் சிறுமம் அந்த மலையின் உச்சியில் வெட்டிய பள்ளமாக நிற்கும்.

பீட்டா லைரே இவற்றையெல்லாம் கடந்த சிக்கல். அங்கே நிறை குறைந்த விண்மீன் தன் ரோச் மடலை, அதாவது தன் ஈர்ப்பால் வாயுவைப் பிடித்துவைக்கக்கூடிய எல்லையை, நிரப்பி வழிந்து, நிறை மிகுந்ததன் மேல் வாயுவைக் கொட்டுகிறது. அந்த வாயு ஒரு தடித்த வட்டாகச் சூழ்ந்து, நிறை மிகுந்த விண்மீனையே நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அதன் ஒளிவளைவை இரண்டு உருண்டைகள், ஒரு மறைப்பு என்று விளக்க முயன்றால் வீண் வேலைதான்.

மறுமொழி 3 – பதிவர்: அண்மைப்புள்ளி

மேலே உள்ள இரண்டு மறுமொழிகளோடும் எனக்கு உடன்பாடே. ஆனால் "வட்டமாக இருக்கும் வரை" என்று இருமுகம் ஒரு வரியில் கடந்துபோனது பலரும் வழுக்கி விழும் இடம்.

பாதை நீள்வட்டமாக இருந்தால், இரு மறைப்புகளின்போதும் விண்மீன்களுக்கு இடைப்பட்ட தொலைவு வேறுபடும். சுற்றுத்தளம் நம் பார்வைக் கோட்டுக்குச் சற்றுச் சாய்ந்திருந்தால், நெருக்கத்தில் நிகழும் மறைப்பில் வட்டுகள் மிகுதியாகப் படியும். தொலைவில் நிகழ்வதில் குறைவாகப் படியும், அல்லது படியாமலே போய்விடும். அப்போது மறைகிற பரப்பு சமம் என்ற வாதம் உடைகிறது. குளிர்ந்த விண்மீன் மறையும் பள்ளம்கூட ஆழமானதாக அமையலாம். இதைக் கண்டுகொள்வது கடினமன்று: துணைச் சிறுமம் சரியாக அரைச் சுற்றில் வராமல் முன்னோ பின்னோ தள்ளி நின்றால், அல்லது இரு பள்ளங்களின் அகலமும் வேறுபட்டால், பாதை நீள்வட்டம் என்று கொள்ளலாம்.

பள்ளத்தின் அடிப்பகுதியையும் கவனியுங்கள். சிறியது பின்னால் முழுதும் மறைந்திருக்கும் நேரத்தில் அடி தட்டையாக இருக்கும். சிறியது முன்னால் கடக்கும்போது அடி சற்று வளைந்திருக்கும், ஏனெனில் விண்மீன் வட்டின் நடு பொலிவாகவும் விளிம்பு மங்கலாகவும் இருப்பதால், மறைக்கும் வட்டு நடுவுக்கு வரும்போது இழப்பு கூடுகிறது. பகுதி மறைப்பு என்றால் அடியே கிடையாது, கூர்மையான முனைதான். இரைச்சல் மிகுந்த அளவீடுகளில் இந்த மூன்றையும் பிரித்துக் காண்பது எளிதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி 4 – பதிவர்: வளைகோடு

மூவருக்கும் நன்றி. பெரியது மறையும்போது ஆழம் மிகும் என்று நான் படித்தது எந்த இடத்தில் தவறுகிறது என்பது இப்போது விளங்குகிறது.

இனி நானே அளந்து வரும் ஒரு விண்மீனைப் பற்றிக் கேட்கிறேன். சிறிய தொலைநோக்கியில் ஒளிப்படக் கருவியைப் பொருத்தி, அருகிலுள்ள மாறா விண்மீன்களோடு ஒப்பிட்டு அளக்கிறேன். டபிள்யூ அர்சே மஜோரிஸைப் போல இரண்டும் ஒரே உறைக்குள் இருக்கும் தொடு இரட்டை வகையைச் சேர்ந்த குறுங்கால விண்மீன் அது. காலம் தேடும் மென்பொருள் தந்த விடை, பட்டியலில் உள்ள சுற்றுக்காலத்தில் சரிபாதியாக இருக்கிறது. பட்டியலில் உள்ள காலத்தை வைத்து மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வரைந்தால், இரண்டு மேடுகளும் சமமாக இல்லை. முதன்மைச் சிறுமத்துக்குப் பின் வரும் மேடு மற்றதைவிடப் பொலிவெண்ணில் 0.03 அளவுக்கு மங்கலாக இருக்கிறது. மேலும், சிறுமம் வரும் என்று கணித்த நேரத்துக்கும் நான் அளந்த நேரத்துக்கும் கால் மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு இருக்கிறது. அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடவா, அல்லது இவற்றில் பொருள் இருக்கிறதா?

மறுமொழி 5 – பதிவர்: நிறமாலை

ஒதுக்க வேண்டாம். ஆனால் மூன்றையும் ஒரே தட்டில் வைக்கவும் வேண்டாம்.

சரிபாதிக் காலம் மென்பொருளின் இயல்பு. இரு பள்ளங்களும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அரைச் சுற்றையே முழுச் சுற்று என்று அது எடுத்துக்கொள்ளும். இரு மடங்காக்கி மடித்துப் பாருங்கள். பள்ளங்களின் ஆழத்திலோ மேடுகளின் உயரத்திலோ நிலையான வேறுபாடு தெரிந்தால் இரு மடங்கே சரியான காலம். உங்கள் மேடுகள் வேறுபடுகின்றன என்பதே அதற்குப் போதிய சான்று.

மேடுகளின் சமமின்மைக்கு ஓ'கானல் விளைவு என்று பெயர். டேனியல் ஓ'கானல் 1951இல் இதை விரிவாக ஆராய்ந்தார். இரண்டு மேடுகளிலும் நாம் பார்ப்பது அதே இரு விண்மீன்களின் இரு பக்கங்கள் என்பதால், வடிவத் திரிபோ எதிரொளிப்போ இதைத் தர இயலாது. ஒரு பக்கத்தில் மற்றப் பக்கத்தில் இல்லாத ஏதோ ஒன்று இருக்க வேண்டும். வேகமாகச் சுழலும் குளிர்ந்த விண்மீன்களில் காந்தப்புலம் வலுவாக இருக்கும் என்பதால் பெரிய கரும்புள்ளிகள் முதல் ஐயத்துக்கு உரியவை. வாயு ஓடை வந்து மோதும் வெப்பப்புள்ளியும் அவ்வாறு செய்யலாம். எல்லா விண்மீன்களுக்கும் பொருந்தும் ஒரே விளக்கம் இதுவரை இல்லை. எனக்குச் சற்று எரிச்சல் தருவது, மாதிரியும் அளவீடும் பொருந்தும் வரை புள்ளிகளை ஒட்டிக்கொண்டே போகும் பழக்கம். ஒரே வடிப்பானில் எடுத்த ஒளிவளைவை வைத்துக்கொண்டு புள்ளியின் அளவு, வெப்பநிலை, இடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே தீர்மானிக்க முடியாது. பெரிய இளஞ்சூட்டுப் புள்ளியும் சிறிய குளிர்ந்த புள்ளியும் ஏறத்தாழ ஒரே வளைவைத் தரும். இரண்டு வடிப்பான்களில் மாறி மாறி அளந்து, அடுத்த பருவத்திலும் அளந்து பாருங்கள். மேடுகளின் வேறுபாடு காலப்போக்கில் மாறினால் புள்ளி என்ற விளக்கம் வலுப்பெறும்.

மறுமொழி 6 – பதிவர்: அண்மைப்புள்ளி

நேர வேறுபாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன்.

முதலில் திருத்தத்தைச் சரிபாருங்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆண்டின் ஒரு பகுதியில் விண்மீனின் ஒளி சூரியனைவிட நம்மை முன்னதாகவும் மற்றொரு பகுதியில் பின்னதாகவும் வந்தடைகிறது. இந்த வேறுபாடு, விண்மீன் சூரியப் பாதைத் தளத்துக்கு அருகில் இருந்தால், இரு பக்கமும் 8.3 நிமிடம் வரை போகும். பட்டியல்களில் உள்ள நேரங்கள் சூரியனையோ சூரியக் குடும்பத்தின் நிறை மையத்தையோ அடிப்படையாகக் கொண்டவை. உங்கள் நேரங்களும் அப்படி மாற்றப்பட்டிருக்கின்றனவா?

அடுத்தது, காலத்தில் உள்ள நுண்ணிய பிழை திரண்டு பெருகுவது. 8 மணி நேரச் சுற்றுக்காலம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,095 சுற்றுகள். பட்டியலில் உள்ள காலம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் தவறாக இருந்தால்கூட, 10 ஆண்டுகளில் அது 18 நிமிடமாகிவிடும். பழைய பட்டியலை வைத்துக் கணித்திருந்தால் உங்கள் வேறுபாட்டுக்கு இதுவே போதுமான விளக்கம்.

இவ்விரண்டும் போக எஞ்சுவதே ஆர்வத்துக்குரியது. அளந்த நேரத்திலிருந்து கணித்த நேரத்தைக் கழித்து, அதைச் சுற்று எண்ணுக்கு எதிராக வரையும் படம் இத்துறையின் முதன்மைக் கருவி. நேர்க்கோடாக வந்தால் காலம் சற்றுத் தவறு, அவ்வளவே. பரவளைவாக வந்தால் காலமே சீராக மாறுகிறது. பீட்டா லைரேயின் காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 விநாடி கூடிவருகிறது; நிறை குறைந்ததிலிருந்து மிகுந்ததற்கு வாயு போவதால் பாதை அகல்கிறது. அலைபோல் ஏறி இறங்கினால், கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஒன்று இழுத்தாட்டுவதால் இரட்டை முழுவதும் நமக்கு அருகிலும் தொலைவிலும் போய் வருகிறது என்பது ஒரு வாய்ப்பு. அல்கோலுக்கே அப்படி ஏறத்தாழ 680 நாளில் சுற்றும் மூன்றாவது விண்மீன் உண்டு. காந்தச் செயற்பாட்டுச் சுழற்சியும் இதைப் போன்ற அலையைத் தரக்கூடும் என்பதால், ஓர் அலையைப் பார்த்தவுடன் மூன்றாவது விண்மீனை அறிவித்துவிடக் கூடாது.

காலம் விரைந்து சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கு வி1309 ஸ்கார்பி சாட்சி. 2008இல் அது திடீரென்று பெரும் பொலிவுடன் வெடித்தெழுந்தது. விண்மீன்களின் ஒளி மாற்றத்தைத் தொடர்ந்து அளந்த ஓகிள் திட்டத்தின் முந்தைய ஆண்டு அளவீடுகளைத் திரும்பிப் பார்த்தபோது, அது ஏறத்தாழ 1.4 நாள் சுற்றுக்காலமுள்ள தொடு இரட்டையாக இருந்ததும், வெடிப்பை நெருங்க நெருங்கக் காலம் சுருங்கிக்கொண்டே வந்ததும் தெரிந்தன. இரண்டு விண்மீன்கள் ஒன்றாய்க் கலந்ததை ஒளிவளைவே பதிந்து வைத்திருந்தது. அதைப் பார்த்து, கே.ஐ.சி. 9832227 என்ற தொடு இரட்டையும் 2022 அளவில் கலந்துவிடும் என்று 2017இல் ஒரு கணிப்பு வெளியானது. மறு ஆண்டே வேறொரு குழு, பழைய தரவு ஒன்றின் நேரத்தில் 12 மணி நேரப் பிழை இருந்ததைக் கண்டுபிடித்தது, கணிப்பு கைவிடப்பட்டது. அந்த விண்மீனின் சுற்றுக்காலம் ஏறத்தாழ 11 மணி நேரம் என்பதால், 12 மணி நேரப் பிழையில் ஒரு முழுச் சுற்று கரைந்துபோய், ஏறத்தாழ 1 மணி நேர விலகலாக மட்டுமே வரைபடத்தில் தெரிந்தது. சுருங்கும் பாதை என்று நம்பத்தக்க அளவு அது.

மறுமொழி 7 – பதிவர்: வளைகோடு

சூரிய மையத் திருத்தம் செய்திருக்கிறேன். ஆனால் பட்டியல் பழையது. காலத்தைப் புதிதாகக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். கடைசியாக ஒன்று: இந்த ஒளிவளைவிலிருந்து விண்மீன்களின் நிறையை நான் கண்டறிய முடியுமா?

மறுமொழி 8 – பதிவர்: இருமுகம்

ஒளிவளைவு தருவது விகிதங்களை மட்டுமே. அல்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். 68.8 மணி நேரச் சுற்றில் மறைப்பு ஏறத்தாழ 10 மணி நேரம். அதாவது சுற்றில் 0.145 பங்கு, கோணத்தில் 52 பாகை. அதில் பாதியான 26 பாகையின் சைன் மதிப்பு 0.44. இரு ஆரங்களின் கூட்டுத்தொகையை இடைத்தொலைவால் வகுத்தால் ஏறத்தாழ இந்த எண் வர வேண்டும். சுற்றுத்தளத்தின் சாய்வையும் சேர்த்தால் 0.46 ஆகிறது. ஆனால் அந்த இடைத்தொலைவு எத்தனை கிலோமீட்டர் என்று ஒளிவளைவு ஒருபோதும் சொல்லாது. இதே வடிவத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கினாலும், அதே சுற்றுக்காலம் இருந்தால் அதே வளைவுதான் கிடைக்கும்.

அளவுகோலைத் தருவது நிறமாலை. இரண்டு விண்மீன்களின் கோடுகளும் தனித்தனியே தெரிந்து, அவற்றின் ஆரத் திசைவேகங்களை (நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகங்களை) அளந்துவிட்டால், பாதையின் அளவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஒளிவளைவு தரும் சாய்வுக் கோணத்தோடு சேர்த்தால் இரு நிறைகளும் ஆரங்களும் கிடைக்கும். விண்மீன் நிறைகளைப் பற்றி நாம் மிக உறுதியாக அறிந்தவற்றில் பெரும்பகுதி இவ்வழியில் வந்ததே. பெரிய மெகல்லானிய மேகம் என்ற அண்டை விண்மீன் பேரடையில் உள்ள 20 மறைப்பு இரட்டைகளை இப்படி அளந்து, அதன் தொலைவை ஏறத்தாழ 1,62,000 ஒளியாண்டு என்று 1 விழுக்காடு துல்லியத்தில் 2019இல் கண்டறிந்தார்கள்.

உங்கள் விண்மீனுக்கு நிறமாலை இல்லாமல் கிடைக்கக்கூடியது நிறைகளின் விகிதம் மட்டும். அதுவும் ஒரு நிபந்தனையோடு. தொடு இரட்டையில் இரண்டும் ஒரே உறைக்குள் இருப்பதால், ஆரங்களின் விகிதம் நிறைகளின் விகிதத்தோடு பிணைந்திருக்கிறது. மறைப்பு முழுமையாக இருந்தால் ஆரங்களின் விகிதம் உறுதியாகக் கிடைக்கும், அதன் வழியே நிறை விகிதமும் கிடைக்கும். பகுதி மறைப்பாக இருந்தால் வேறு வேறு நிறை விகிதங்களும் சாய்வுக் கோணங்களும் ஒரே வளைவைத் தந்துவிடும். மென்பொருள் மூன்று தசமத் துல்லியத்தில் ஒரு விடையைக் காட்டினாலும் அதை நம்புவதற்கில்லை. ஆகவே முதலில், ஆழம் குறைந்த பள்ளத்தையும் சேர்த்து, அடிப்பகுதி சில நிமிடங்களாவது தட்டையாக நிற்கிறதா என்பதை அடர்த்தியான அளவீடுகளால் உறுதிசெய்து இங்கே பதியுங்கள். வளைவைப் பார்த்த பிறகு மாதிரியைப் பற்றிப் பேசலாம்.